விடை: பூச்சியம்

மேகம் என்று பெயர் வைத்தது யாரோ.
சிங்கப்பூரில் ஜன்னலில்லாத ஒரு கட்டடம் என்று கேள்வி,
நான் போய்ப் பார்த்ததில்லை.
வெள்ளவத்தைக் கால்வாய்க்கு மேலே இப்போது நிற்கிறதே,
இதுதான் மேகம்.
இதற்குள் நாங்கள் எதையும் வைத்ததில்லை.

வைத்ததெல்லாம் அங்கே:
குவைத்துக்கும் ரியாத்துக்கும் வீட்டுவேலைக்குப் போய்
திரும்பி வந்த பெண்கள்
புதுக்கடை மாடியறையில் பெர்னதெத்தின் முன்னால் அமர்ந்து
சொன்னவை, சொல்லிப் பாதியில் நிறுத்தியவை,
பதினோராயிரத்துச் சொச்சம் பக்கம்.
அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும்
எழுத்தெழுத்தாக அரைத்து மாவாக்கிவிடுவேன்.
திறப்பு இங்கேயே, காரியாலயத்தின் கையில்.

"மாவாக்கினால் பிறகு எப்படித் தேடுவது?"
பெர்னதெத்துக்கு வழக்கறிஞர் புத்தி.
"ஒரு பெயருக்காக அத்தனையையும் இறக்கித்
திறந்து பார்க்கவா, இந்த இணைய வேகத்தில்?"

அதற்காகச் செய்ததுதான்:
ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிழல்.
தேடுகிறவர் சொல்லை அனுப்பமாட்டார்,
அதன் நிழலை அனுப்புவார்.
கட்டடம் நிழலோடு நிழலைப் பொருத்திப் பார்த்து
இந்த மூட்டையில் இருக்கிறது, இதில் இல்லை
என்று மட்டும் சொல்லும்.
என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது. அதற்குத்தான் சம்பளம்.

ஆனால்
ஒரே சொல்லுக்கு ஒரே நிழல்.

யோசிக்காமலில்லை. சின்ன ஒழுக்கு,
பிறகு அடைக்கலாம் என்று விட்டிருந்தேன்,
என் குளியலறையில் விட்டிருப்பதுபோல.

மார்ச்சில் பதிவேட்டைப் புரட்டும்போது கண்டேன்:
செவ்வாய்தோறும், கரையோரம் கடைசி ரயில் போன பிறகு,
ஏழில் தொடங்கி ஏழில் முடிகிற அதே நிழல்.
விடை: பூச்சியம்.
அடுத்த செவ்வாயும் பூச்சியம்.
மின்வெட்டு வந்த வாரம் புதனுக்குத் தள்ளி,
பூச்சியம்.

திறப்பு வைத்திருப்பவர்கள் ஆறு பேர்.
எந்தத் திறப்பு என்று என்னால் பார்க்க முடியும்.
நினைக்கவேயில்லை என்றால் பொய்;
விரலை வைத்துவிட்டு எடுத்தேன்.
மறுநாள் பிளேன்டீ நேரத்தில்
ஆறு முகங்களையும் பார்த்தேன்.
ரிஸ்மியா போனில் மகனுக்குப் பின்னக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.
கீர்த்திரத்ன பிரின்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.
யாருக்குத்தான் கடலுக்கு அப்பால் ஆளில்லை.

ஊர்ப்பெயரா, ஆள்பெயரா,
யாரோ ஓர் எஜமானின் வீட்டு இலக்கமா?
பூட்டிய வீட்டில் வாரம் ஒருமுறை
மணியடித்துவிட்டுப் போகிறவரின்
செருப்புச் சத்தம் மட்டுமே எனக்கு.

ஓகஸ்ட், மூன்றாம் செவ்வாய்.
முதல்நாள்தான் புதிதாக நாற்பது பக்கம் ஏறியிருந்தது.
விடை: ஒன்று.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
கீழே காலி வீதியில் கொத்துக்கடை இரும்பு
அடித்துக்கொண்டேயிருந்தது.
யாரிடம் சொல்வது, எதைச் சொல்வது?

வெள்ளிக்கிழமை பெர்னதெத்தின் கையொப்பத்தோடு ஒரு வேண்டுகோள்:
அந்த ஒரு மூட்டை
இன்னொருவரின் திறப்புக்கும் பொருந்த வேண்டும்,
சொன்னவள் சம்மதித்திருக்கிறாள்.
அவிழ்க்காமலே பூட்டின் பல்லை மாற்றுகிற வேலை அது.
கட்டடத்திடம் ஒரு தகடு கொடுத்தால் போதும்,
உள்ளே பாராமல் அதுவே மாற்றிவிடும்.
கொடுத்தேன். மூன்று நிமிடம்.
பெறுபவர் என்ற இடத்தில் ஓர் இலக்கம்.

அடுத்த செவ்வாய் ரயில் போனது.
நிழல் வரவில்லை.
அதற்கடுத்த செவ்வாயும்.

கிடைத்துவிட்டதென்றால் நல்லதுதானா?
அந்தப் பெயர்
எந்த வினைச்சொல்லின் பக்கத்தில் இருந்தது?

ஒரு மாதம் கழித்து ஒழுக்கை அடைத்தேன்.
இப்போது ஒரே சொல்லை எத்தனை தடவை தேடினாலும்
தடவைக்கொரு நிழல்.
இடையிடையே யாருமே கேட்காத கேள்விகளையும்
கலந்து அனுப்புகிறேன்.
"மெதுவாகிவிட்டதே" என்றாள் பெர்னதெத்.
"ஓம், கொஞ்சம்."

செவ்வாய் இரவுகளில் பதிவேடு முழுக்க இரைச்சல்.
அது திரும்ப வந்தாலும் இனி எனக்குத் தெரியாது.
கடைசி ரயில் போகும்வரை
விழித்துத்தான் இருக்கிறேன்,
பழக்கம்.